பக்கத்து வீட்டுக்காரி சொன்னது

அமெரிக்காவில் இயற்பியலும் வானவியலும் படித்த காலம் முழுக்க, வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இருந்த அலுவலகத்தில் ஒவ்வொரு செமஸ்டரும் போய் நின்று, நான் நான்தான், படிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. என்னோடு வரிசையில் நின்ற கொரியாக்காரப் பையனுக்கும் நைஜீரியாக்காரப் பெண்ணுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்கு வராது. சந்தேகப்படுகிறவர்கள் மத்தியில் பிறந்து வளர்ந்தவள் நான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவைத் தாண்டி வந்தவளுக்கு அந்த அலுவலகம் ஒரு பொருட்டே இல்லை.

அப்பாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்பா சங்கரபாண்டியன் பத்திரப் பதிவு ஆபீசில் கிளார்க். வந்து நிற்கிறவன் நிஜமாகவே அந்த ஆள்தானா, போட்ட கையெழுத்து அவன் கையெழுத்துதானா என்று பார்த்துப் பார்த்தே அவர் கண் இடுங்கிப் போயிருந்தது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். ரேஷன் கடையில் சீனி குறைந்தால் திட்டுவார். சரியாக இருந்தால், இன்றைக்கு மட்டும் ஏன் சரியாகப் போட்டான் என்று சாப்பிடும்போதும் யோசித்துக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கடிதம் கிடைத்தால் சும்மா விடுவாரா. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முத்திரையைத் தடவினார். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஃபீஸ் கட்ட வேண்டாம். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு லேப் எடுத்தால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அப்பாவை உறுத்தியது அதுதான்.

"ஓசியில எவனாவது படிக்க வைப்பானாட்டி? நட்சத்திரத்தைப் பாக்கதுக்கு ஒருத்தன் துட்டு குடுக்கான்னா, இதுல என்னமோ இருக்கு" என்றார்.

இதில் என்ன இருந்தது என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டையில் படிக்கும்போது, அமெரிக்காவில் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் சங்கம் ஒன்று இருப்பது தெரிந்து எழுதிப் போட்டேன். சில நட்சத்திரங்கள் மாதக்கணக்கில் மெல்ல மங்கும், பிறகு மெல்லப் பிரகாசமாகும். அதை விடாமல் பார்த்துக் குறித்து அனுப்ப அவர்களுக்கு உலகம் முழுக்க ஆள் வேண்டும். தெற்கு வானத்துக்கு ஆள் குறைவு. எங்கள் மொட்டை மாடியிலிருந்து விருச்சிகத்தின் வால் வரைக்கும் துல்லியமாகத் தெரியும். மாதா மாதம் நான் எழுதி அனுப்பியதைப் பார்த்துத்தான் அங்கே ஒரு பேராசிரியர் என்னை விண்ணப்பம் போடச் சொன்னார்.

ஒரு நட்சத்திரத்தின் பிரகாசத்தை வெறும் கண்ணால் நேராகச் சொல்லிவிட முடியாது. அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கலியாணத்துக்குப் பெண் விசாரிக்கிற மாதிரியேதான். அக்கம்பக்கத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் கோணிக்கொள்ளும்.

பைனாகுலர் பக்கத்து வீட்டுக் கிருபாபாய் டீச்சருடையது. அவர்கள் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்த பிறகு பெட்டியில் கிடந்ததை, சும்மா பூஞ்சை பிடிக்கும், நீ வைத்துப் பார் என்று கொடுத்தார்கள். இருட்டுக்குப் பழகிய கண் வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால், டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டி அந்த வெளிச்சத்தில்தான் சங்கத்தார் அனுப்பிய நட்சத்திரப் படத்தைப் பார்ப்பேன். பின்னாளில் பல்கலைக்கழகத்துத் தொலைநோக்கிக் கூடத்தில் ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு விளக்கு இருந்ததைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்கள். அதைச் சொல்ல ஒரு ராத்திரி போதாது என்று விட்டுவிட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன். பெயர் ஆறுமுகத்தாய். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் நானும் எத்தனை சண்டை போட்டாலும் அம்மா வாயைத் திறக்க மாட்டாள். இவள் யார் பக்கம் என்று எனக்கே சந்தேகம்தான். ராத்திரி நான் மாடியிலிருந்து இறங்கி வந்து பின்னறையில் அவள் பக்கத்தில் பாயில் படுத்தால், போர்வையை இழுத்து என்மேல் போடுவாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

அது எண்பத்திரண்டாம் வருஷம். ஆகஸ்ட் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், தவறினால் என் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு நான் காத்திருந்தபோது, அத்தை முப்பிடாதியம்மாள் ராயகிரியிலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கொண்டு வந்தாள். கூட்டுறவு வங்கியில் வேலை, வயல் இருக்கிறது, ஒரே பையன். அத்தைக்குத் தன் அண்ணன் மகள் கடல் தாண்டிப் போவது பிடிக்கவில்லை. அப்பாவுக்கோ அமெரிக்காவின் மேலும் சந்தேகம், மாப்பிள்ளையின் மேலும் சந்தேகம். ஆகவே இரண்டையும் ஓட விட்டுப் பார்ப்பதென்று ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"பாஸ்போர்ட்டு முந்தி வந்தா அமெரிக்கா. மாப்பிள்ளை வீட்டு ஆளு முந்தி வந்தா கலியாணம். பொறவு எவளும் மூக்கைச் சிந்தப்படாது."

மாப்பிள்ளை வீட்டு ஆள் வருவது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால், ஊரில் யாருக்கும் முகம் தெரியாத ஒருவரை அனுப்புவார்கள். அவர் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீயை மணிக்கணக்கில் குடிப்பார். மழை உண்டா, பூ விலை எப்படி என்று சுற்றி வளைத்து, அந்த வீட்டுப் பெண் எப்படி என்று வந்து சேருவார். தெருவுக்கு அவர் யாரென்று உடனே தெரிந்துவிடும். ஆனால் நீர் யார், எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதை இல்லை. பெண் வீட்டுக்கு வேண்டியவர்கள் அவளைக் குத்துவிளக்கு என்பார்கள். வேண்டாதவர்கள், நமக்கெதற்கு என்று இழுத்துவிட்டு ஆளைப் பக்கத்தில் வரச் சொல்லி, காதோடு நாலு சொல்வார்கள். கலியாணம் கலைந்துவிடும். கலைத்தது யார் என்பது மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது.

ஆனி மாதக் கடைசியில் அப்படி ஒரு ஆள் வந்தார். ஹபீப் முகம்மது கடையில் டீ குடித்தார். மடக்குக் குடை, சலவை வேட்டி, கையில் பை கிடையாது. தெருவில் நாலைந்து பேரிடம் பேசினார் என்று சாயங்காலம் எனக்குச் செய்தி வந்தது. மாப்பிள்ளை முந்திவிட்டான் என்று நினைத்தேன். தெருவில் என்னைப் பிடிக்காதவர்கள் யார் யார், அவர்களில் ஒருவராவது ஏதாவது சொல்லிக் கெடுத்திருக்க மாட்டார்களா என்று ஏங்கினேன். அன்றைக்கு யாரும் கேட்காமலே அம்மா உளுந்தங்களி கிண்டினாள். எனக்கு மட்டும் நல்லெண்ணெய் கூடவே விட்டாள். என்ன விசேஷம் என்று அப்பா இடுங்கிய கண்ணால் பார்த்தார். உளுந்து மீதி கிடந்தது என்றாள்.

ராயகிரியிலிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டும் வரவில்லை. ஆடி பிறந்தது. ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி, கோவிலைச் சுற்றிக் கடைகள் போட ஆரம்பித்த நேரத்தில், பாஸ்போர்ட் விஷயமாக என்னையும் அப்பாவையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

இன்ஸ்பெக்டர் மதுரைப் பக்கத்துக்காரர், மரியாதையாகவே பேசினார். அதுவே அப்பாவுக்குச் சந்தேகமாக இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டவரைப் பற்றித் தெருவில் விசாரிப்பது வழக்கம், அதற்காக ஏட்டு தங்கப்பழம் சாதா உடையில் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார் என்றார். மடக்குக் குடை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது போலீஸை.

எல்லோரும் நல்ல விதமாகத்தான் சொன்னார்களாம். ஒரே ஒரு அம்மாள் மட்டும், பக்கத்து வீட்டுக்காரி என்று சொன்னவள், பெயர் சொல்லாமல் சொல்லியதைக் கேட்டு ஏட்டுக்கு மிரட்சியாகிவிட்டதாம். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்துக் கேட்டார். ராத்திரியில் மாடியில் நின்று சிவப்பு விளக்கு அடிப்பது உண்மையா. மிலிட்டரி பைனாகுலர் எப்படி வந்தது. வெளிநாட்டிலிருந்து மாதா மாதம் கவர் வருவது ஏன். வரைபடம் வைத்துக்கொண்டு அதில் எண் எழுதுவது என்ன. வடக்கே எல்லைப் பக்கம் பிடித்த ஒற்றர்களிடம்கூட இவ்வளவு சாமான் இருந்திருக்காது என்று எனக்கே தோன்றியது.

கையோடு கொண்டு போயிருந்த நட்சத்திரப் படத்தைக் காட்டினேன். அதிலே அறுபத்திரண்டு, எழுபத்தொன்று என்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் எண்கள் இருந்தன. அது பிரகாசத்தின் அளவு, ஆறு புள்ளி இரண்டு, ஏழு புள்ளி ஒன்று என்று படிக்க வேண்டும் என்றேன். புள்ளி எங்கே என்றார். புள்ளி வைத்தால் அதையும் ஒரு நட்சத்திரம் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் வைப்பதில்லை என்றேன். உண்மை அதுதான். சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி இருந்தது. தேதிக்குப் பதிலாக நான் எழுதியிருந்த ஏழு இலக்க எண்ணைக் காட்டி, இது என்ன என்றார். வானவியல்காரர்கள் மாதம் வருஷம் பார்க்காமல் நாளை மட்டும் தொடர்ச்சியாக எண்ணுவார்கள் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், இதையெல்லாம் எனக்கே நீ சொல்லவில்லையே என்பது இருந்தது.

"இன்னொண்ணும் எழுதியிருக்கு. கலியாணம் பண்ணிக் கொடுத்தா ஒரு மாசம்கூட நிக்க மாட்டாளாம். அத எதுக்குச் சொன்னாங்கன்னுதான் தெரியல" என்றார் இன்ஸ்பெக்டர்.

எங்களுக்குத் தெரிந்தது. அவள் யாராக இருந்தாலும், மாப்பிள்ளை வீட்டு ஆளிடம் சொல்வதாக நினைத்து, கலியாணத்தைக் கலைக்கப் பார்த்திருக்கிறாள். அப்பா முறை முழுவதையும் விளக்கிச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். அப்படியானால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வந்து என் முன்னால் சொல்லட்டும், தபசு பந்தோபஸ்து தொடங்கிவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரமில்லை, இந்த வாரத்துக்குள் வந்தால் மாற்றி எழுதலாம், இல்லாவிட்டால் இருப்பது இருக்கிறபடியே போகும் என்றார். இருக்கிறபடியே போனால் எனக்குப் பாஸ்போர்ட் இல்லை, அமெரிக்கா இல்லை.

வீட்டுக்கு வந்து நான் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள். கல்லில் கிடந்த தோசை கருகி அறை முழுக்கப் புகை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குக் குற்றவாளி யாரென்பதில் சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகம் இல்லாமல் போனது, அதுவும் தப்பான விஷயத்தில். பைனாகுலர் மிலிட்டரியுடையது என்பது கிருபாபாயைத் தவிர எவளுக்குத் தெரியும் என்றார். அடுத்த நாள் காலையில் அந்தப் பைனாகுலரைக் கொண்டுபோய் அவர்கள் வாசற்படியில், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிட்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வராவிட்டால் என்ன, சந்தேகம் வந்துவிட்டதே. டீச்சர் எப்போதோ, அவ்வளவு தூரம் பொம்பளைப் பிள்ளை தனியாகப் போவதா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. எனக்கு ஆங்கிலப் புத்தகங்களாகக் கொடுத்துக் கொடுத்து வளர்த்தவர்களை, மாடிப்படியில் நின்று ஒளிந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

டீச்சர் அன்று பள்ளிக்கூடம் விட்டதும், பைனாகுலரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா வாசலிலேயே நிறுத்தி, பதிவு ஆபீசில் போலி ஆளைப் பிடித்தவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. டீச்சர் முகம் சிவந்து போய்விட்டது. ஆனால் சத்தம் போடவில்லை.

"எந்த ஆளுகிட்டயும் நான் பேசவே இல்ல அண்ணாச்சி. நீங்க நம்ப வேண்டாம். நாளைக்கு நானே ஸ்டேஷனுக்கு வாரேன். அந்த ஏட்டு முன்னால நிக்கேன். அவரு பாத்துச் சொல்லட்டும்" என்றார்கள். பைனாகுலரை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் நாங்கள் புறப்படும்போது, நானும் வாரேன் என்று அம்மா செருப்பை மாட்டினாள். பெண்டுகளுக்கு ஸ்டேஷனில் என்ன வேலை என்றார் அப்பா. டீச்சர் மட்டும் பெண்ணில்லையா என்றாள். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா உடனே சந்தேகப்பட்டார். ஆனால் எதைச் சந்தேகப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கோவில் வாசலில் கூட்டம் இடித்தது. அம்பாள் சன்னதிப் பக்கம் திரும்பி அம்மா கும்பிட்டுக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கமாக நடந்தோம், டீச்சர் எங்களுக்கு ஒட்டாமல் நாலு அடி முன்னால் நடந்தார்கள். ஸ்டேஷனில் ஏட்டு தங்கப்பழம் தேரோடும் வீதிக்குப் போயிருப்பதாகவும் ஆள் அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்கள். அதற்குள் இன்ஸ்பெக்டர் டீச்சரை உட்கார வைத்து, இதெல்லாம் நீங்கள் சொன்னதா என்று தாளிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். சிவப்பு விளக்கு, பைனாகுலர், கவர், வரைபடம். முன்பு எங்களிடம் வாசிக்காமல் விட்ட ஒன்றும் அதில் இருந்தது.

"தூக்கத்துல இங்கிலீஷ்ல பேசுறாளாம். யார்கிட்டயோ பதில் சொல்ற மாதிரி பேசுறாளாம்."

டீச்சர் தலையைத் தூக்கினார்கள்.

"அது எனக்கு எப்பிடிங்க தெரியும்? ராத்திரி நான் எங்க வீட்டுலல்லா படுக்கேன்?"

நான் தூக்கத்தில் பேசுவேன் என்பது எனக்கே தெரியாது. பேசினால் கேட்கக்கூடிய இடத்தில் படுப்பது ஒரே ஒருத்தி. நான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மடக்குக் குடையோடு தங்கப்பழம் உள்ளே வந்தார். டீச்சரைப் பார்த்துவிட்டு, இந்த அம்மா இல்லை சார் என்றார். அடுத்தாற்போல் அவர் கண் அம்மாவிடம் போகும் முன்பே அம்மா இரண்டு அடி முன்னால் வந்துவிட்டாள்.

"அடிபம்புல தண்ணி அடிச்சிட்டு நின்னது நாந்தான்யா. டீச்சரை விட்டிருங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். இந்தப் பெண் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மகள் என்றாள். பெற்ற மகளைப் பற்றியா இப்படிச் சொன்னீர்கள், ஏன் பொய் சொன்னீர்கள் என்றார்.

"பொய் ஒண்ணும் சொல்லலய்யா. ராயகிரியில இருந்து வந்த ஆளுன்னு நெனச்சேன். நல்ல பிள்ளைன்னு சொன்னா கட்டிக் கூட்டிட்டுப் போயிருவாக. அவ ராத்திரி ராத்திரியா கண்ணு முழிச்சது எனக்குல்லா தெரியும். தூக்கத்துலகூட அங்கன உள்ளவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டுக் கெடக்கா. அவளைப் பிடிச்சு ராயகிரிக்கு அனுப்ப எனக்கு மனசில்ல. அவுக அப்பாகிட்ட சொல்லி எனக்குப் பழக்கமும் இல்ல. அதான் உள்ளதைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னாலே போதும், எவனும் கட்ட மாட்டான்னு தெரியும்."

ஏட்டு குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒரே ஒரு பொய்தான்யா சொன்னேன். இவரு கேட்டாரு, அந்தப் பிள்ளை ஒங்களுக்குச் சொந்தமான்னு. எனக்கும் அவளுக்கும் ஒட்டும் கெடையாது உறவும் கெடையாதுன்னு சொன்னேன். அது ஒண்ணுதான் பொய். அதைச் சொல்லிட்டு வந்து அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உளுந்தங்களி கிண்டிய அன்று அம்மா சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவே இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் சந்தேகம் தொழில். தாய் இப்போது வந்து நல்லது சொல்வதை எழுதிப் பிரயோஜனம் இல்லை, எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள் என்று மேலே கேட்பார்கள், நிஜமான பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால்தான் நிற்கும் என்றார். சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம். என் அமெரிக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அப்பா அவமானப்படுத்தியிருந்தார், அம்மா அவர்கள் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தாள். அவர்கள் எழுந்து போயிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதிக்கோங்க. சிவப்பு டார்ச்சு உண்டு, நான் பாத்திருக்கேன். பைனாகுலர் எங்க வீட்டுக்காரரோடது, நாந்தான் குடுத்தேன். கவர் வருதது உண்டு, அந்த ஸ்டாம்பெல்லாம் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்ட்டதான் இருக்கு. ராத்திரி மாடியில நிக்கா. அவ அங்கன முழிச்சிட்டு நிக்கான்னுதான் தனியா இருக்கவ நான் சன்னலைத் தெறந்துபோட்டுத் தூங்குதேன். இது போதுமா?"

அம்மா சொன்னதும் டீச்சர் சொன்னதும் ஒன்றேதான், ஒரு சாமான் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்ஸ்பெக்டர் எழுதி முடித்து டீச்சரிடம் கையெழுத்து வாங்கினார். அப்பா அந்தக் கையெழுத்தை எட்டிப் பார்த்தார், பழக்க தோஷம். பிறகு என்ன நினைத்தாரோ, டீச்சர் முன்னால் போய்க் கையைக் கூப்பினார். வீட்டுக்குப் போகலாம் அண்ணாச்சி, எனக்குப் பரீட்சைப் பேப்பர் கிடக்கிறது என்று டீச்சர் எழுந்துவிட்டார்கள்.

ராயகிரிக்காரர்கள் ஆளே அனுப்பவில்லை என்பது தபசு அன்றைக்கு அத்தை வந்து சொல்லித்தான் தெரியும். அவர்கள் சித்திரையிலேயே வேறு பெண்ணை நிச்சயம் பண்ணிவிட்டார்களாம். அம்மா கேட்டுவிட்டு, அப்படியா மதினி என்றாள். அப்பா அன்று எதையும் விசாரிக்காமல் சாப்பிட்டார்.

பாஸ்போர்ட் வந்தது. விசாவுக்கு மெட்ராஸில் ஒரு நாள் முழுக்க நின்றேன், அதுவும் கிடைத்தது. டீச்சர் என்னிடம் பேசினார்கள், அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசினார்கள், அம்மாவிடம் நான் புறப்படுகிற வரைக்கும் பேசவில்லை. நான் சமாதானம் பேசப் போனபோது அம்மா தடுத்துவிட்டாள். அவர்கள் கோபம் நியாயம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போகிற வேலையைப் பார் என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். சன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. யாருமே ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவாகத்தான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூக்காரியிடம், "எம் மவ. அமெரிக்காவுக்குப் படிக்கப் போறா" என்றாள். பின் சீட்டில் இருந்த பெரியவரிடம், இது எம் மவ என்றாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரைக் கூப்பிட்டு நிறுத்தி அவரிடமும் சொன்னாள். பஸ் நகர ஆரம்பித்த பிறகும், யாரோ முன்பின் தெரியாத ஆளிடம் என்னைக் கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டு நின்றாள்.